எந்த ஈஆர்பி என்பதை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: கப்பலூர் சிட்கோ எஸ்டேட்டில் அப்பா தொடங்கிய ரப்பர் கம்பெனியை இப்போது நானும் சேர்ந்து கவனிக்கிறேன். வண்டிகளுக்கான ஆயில் சீல், புஷ், கேஸ்கெட் செய்கிறோம். பிரைவேட் லிமிடெட், நூற்றுச் சொச்சம் பேர் வேலை பார்க்கிறார்கள். கணக்குக்கு டேலி, உற்பத்திக்கு ஒரு தம்பி பல வருடத்துக்கு முன் எழுதித் தந்த சாஃப்ட்வேர், டெஸ்பாட்சுக்கு எக்செல், வருகைக்குக் கைரேகை மெஷின், புதிய பிரஸ்களில் மெஷினை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டரான பிஎல்சி, இது போக வாங்கும் கம்பெனிகளின் போர்ட்டல்கள். எதுவும் எதோடும் பேசுவதில்லை. போன மாதம் ஒரு வாடிக்கையாளர் சீலின் கடினத்தன்மை குறைவு என்று ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பினார். அது எந்தக் கம்பவுண்டு (ரப்பர் கலவை) பேட்ச் என்று கண்டுபிடிக்கவே மூன்று நாள் ஆனது. ஒரு விற்பனையாளர் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, கணக்கு, உற்பத்தி, ஸ்டாக் எல்லாம் ஒரே சாஃப்ட்வேரில் ஓடுகிற ஈஆர்பி போடச் சொல்கிறார். இன்னொருவர் இருப்பதை இணைத்துத் தருகிறேன் என்கிறார். இணையத்தில் தேடினால் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர், டோகாஃப் என்றெல்லாம் வருகிறது. நம்மைப் போன்ற கம்பெனிக்கு அதெல்லாம் வேண்டுமா? எந்த ஈஆர்பி நல்லது?

பதில்: எந்த ஈஆர்பி நல்லது என்பதற்கு இப்போது என்னிடம் பதில் இல்லை, உங்களிடம் வந்த இரண்டு விற்பனையாளர்களிடமும் இருக்க முடியாது. உங்கள் கடிதத்தில் எனக்கு வேலை தருவது அந்தக் கேள்வி இல்லை, நடுவில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, மூன்று நாள், அதுதான்.

அந்த மூன்று நாளில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திரும்பி வந்த பெட்டியின் இன்வாய்ஸ் எண்ணை வைத்து டேலியில் தேதியை எடுத்திருப்பீர்கள். அந்தத் தேதிக்கு டெஸ்பாட்ச் எக்செலில் எந்த லாட் போனது என்று பார்த்து, அந்த லாட் பிசிறு வெட்டும் டிரிம்மிங்குக்கு எந்த வீட்டுக்குப் போய் வந்தது என்று சலான் புத்தகத்தைப் புரட்டி, அங்கிருந்து பிரஸ் ஷிப்ட் ஷீட்டுக்குப் போய், அங்கே கிறுக்கலாக எழுதியிருந்த பேட்ச் எண்ணை மிக்சிங் நோட்டில் தேடி, கடைசியில் கலவை வேகும் விதத்தை அளக்கும் ரியோமீட்டரின் பிரிண்ட்அவுட் இருக்கும் ஃபைலைப் பிடித்திருப்பீர்கள். இவ்வளவு இடத்திலும் தகவல் இருந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை. ஆனால் டேலியில் அது "ஆயில் சீல் 35", உற்பத்தி சாஃப்ட்வேரில் வாடிக்கையாளரின் பார்ட் நம்பர், ஸ்டோர்ஸில் மோல்டு நம்பர், பிரஸ்காரருக்கு "பெரிய கறுப்பு". ஒரே பையனுக்கு வீட்டில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரு பேர், ரேஷன் கார்டில் ஒரு பேர் இருந்தால் தாலுகா ஆபீஸில் என்ன பாடு படுவோமோ அந்தப் பாடுதான் இது. புது ஈஆர்பி வாங்கினாலும் அதற்குள் ஐந்தாவதாக ஒரு பேர் வரும், அவ்வளவுதான்.

அதனால் முதல் வேலை, கம்ப்யூட்டரைத் தொடாமல், ஒரு பெரிய சார்ட் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு, வாடிக்கையாளரின் போர்ட்டலில் ஷெட்யூல் விழுந்த நிமிடத்திலிருந்து பணம் பேங்கில் ஏறும் வரை அது எந்தெந்தக் கை வழியாகப் போகிறது என்று வரையுங்கள். மேனேஜரைக் கேட்டு வரையாதீர்கள், அவர் எப்படி நடக்க வேண்டுமோ அதைச் சொல்வார். மிக்சிங்கில் எடை போடுகிறவர், ஸ்டோர்ஸ் அண்ணன், டிரிம்மிங் வாங்கி வைக்கிற அக்கா, டெஸ்பாட்ச் தம்பி, கணக்கு மேடம், இவர்களைக் கேளுங்கள். ஒரு தகவலை ஒரு இடத்தில் பார்த்து இன்னொரு இடத்தில் மறுபடி டைப் அடிக்கிற, அல்லது எழுதுகிற ஒவ்வொரு இடத்திலும் சிவப்பு மையில் ஒரு புள்ளி. டெஸ்பாட்ச் தம்பியின் பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு இருக்கும், அதையும் வரையுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் ஷிப்ட் முடிந்ததும் ஒயிட்போர்டைப் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள் அல்லவா, அதுவும் ஒரு சிஸ்டம்தான், சொல்லப்போனால் பல கம்பெனிகளில் உருப்படியாக ஓடுகிற ஒரே சிஸ்டம் அதுதான்.

நீங்கள் கேட்ட எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்பதன் அடிப்படை இந்தச் சார்ட்தான். 1987-இல் ஐபிஎம்மில் இருந்த ஜான் சாக்மன் அந்தக் கம்பெனியின் சிஸ்டம்ஸ் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார், இந்தத் துறை பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பியது. என்ன, எப்படி, எங்கே என்று அவர் முதலில் வைத்த கேள்விகள் மூன்றுதான். யார், எப்போது, ஏன் என்கிற மூன்றும் 1992-இல் சேர்ந்தன. டோகாஃப் என்பது இதே வேலைக்கான ஒரு வழிமுறை, 1995-இல் வந்தது, தி ஓப்பன் குரூப் என்ற அமைப்பினுடையது, நூற்றுக்கணக்கான சாஃப்ட்வேர்கள் ஓடுகிற பெரிய நிறுவனங்களுக்குப் பொருந்தும். அதைப் படித்துச் சான்றிதழ் வாங்க உங்களுக்கு நேரமும் வேண்டாம், அவசியமும் இல்லை. சாக்மனின் ஆறு கேள்வியையும் சார்ட்டில் இருக்கிற ஒவ்வொரு தகவலுக்கும் கேட்டாலே போதும்.

அந்த ஆறிலும் "யார்" என்பதுதான் சண்டை வரும் கேள்வி. ஒவ்வொரு தகவலுக்கும் பிறப்பிடம் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும், மற்ற இடமெல்லாம் அதைப் பார்த்து எழுதிக்கொள்கிற இடம். வாடிக்கையாளர் பெயர், ஜிஎஸ்டி எண், விலை எல்லாம் டேலியில் பிறக்கட்டும். பேட்ச் எண் மிக்சிங்கில் பிறக்கட்டும். வருகை கைரேகை மெஷினில் பிறக்கட்டும். ஐட்டம் கோடு, அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் வைக்கும் எண், எங்கே பிறக்கும், அதைப் புதிதாகத் திறக்க யாருக்கு அதிகாரம் என்று கேட்டுப் பாருங்கள், அறையில் அமைதி விழும், ஏனென்றால் இப்போது ஆளாளுக்குத் திறக்கிறார்கள். ஒரே ஒருவரிடம் அதைக் கொடுங்கள். அவர் லீவு போட்டால் அடுத்தவர் யார் என்பதையும் எழுதி ஒட்டுங்கள்.

ஐட்டம் கோடு வைக்கும்போது புத்திசாலித்தனம் காட்ட வேண்டாம் என்பது என் பிடிவாதமான கருத்து. முதல் இரண்டு எழுத்து கம்பவுண்டு, அடுத்தது விட்டம், அடுத்தது வாடிக்கையாளர் என்று அடுக்கிக்கொண்டு போனால், அதே சீலை இன்னொரு கம்பெனி கேட்கும் நாளில் எல்லாம் சரிந்துவிடும். அர்த்தமே இல்லாத ஓர் எண், அது போதும். வாடிக்கையாளரின் பார்ட் நம்பர், அவர் டிராயிங்கின் ரிவிஷன், மோல்டு நம்பர் இவையெல்லாம் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் தனித்தனிக் கட்டங்களில் இருக்கட்டும். ரிவிஷன் மாறும், மோல்டு தேய்ந்து புதிதாக வரும், உங்கள் எண் மாறாது. பழைய பட்டியலைச் சுத்தம் செய்வது சலிப்பான வேலை, மாதக் கணக்கில் இழுக்கும். விற்பனையாளரின் கொட்டேஷனில் இது கடைசிப் பக்கத்தில் "டேட்டா மைக்ரேஷன்" என்று ஒரே வரியில் இருக்கும், அந்த வரியில் செய்கிறவர் யார் என்று பார்த்தால் நீங்கள்தான்.

ஐட்டம் கோடைவிட மோசமான இடம் ஒன்று ரப்பர் தொழிலில் உண்டு, அது அளவு. மிக்சிங் கிலோவில் பேசுகிறது. பிரஸ் ஷாட்டில் எண்ணுகிறது, ஷாட் என்றால் அச்சு ஒருமுறை மூடித் திறப்பது, ஒரு ஷாட்டுக்கு எத்தனை கேவிட்டி, அதாவது அச்சில் எத்தனை குழி என்பதை வைத்துத்தான் பீஸ் கணக்கு வரும், அதிலும் ஒரு கேவிட்டி பழுதாகி அடைத்து வைத்திருந்தால் கணக்கு மாறும், அதை யாரும் கம்ப்யூட்டரில் சொல்ல மாட்டார்கள். டிரிம்மிங்குக்குக் கிராமத்துக்குப் போகும்போது எடை போட்டு மூட்டையாகப் போகிறது, திரும்பி வரும்போது பீஸ் கணக்கில் கூலி. நடுவே வெட்டி எடுத்த பிசிறு எடையிலிருந்து கழிகிறது. கடைசியில் டெஸ்பாட்ச் எண்ணிக்கையில். ஒரு பீஸ் எத்தனை கிராம், பிசிறோடு எவ்வளவு, பிசிறு இல்லாமல் எவ்வளவு, எத்தனை கேவிட்டி உயிரோடு இருக்கிறது, இதையெல்லாம் யார் அளந்து யார் மாற்றுவது என்று முடிவு செய்யாமல் எந்த ஈஆர்பியைப் போட்டாலும், ஸ்டாக் கணக்கு தப்பாக வரத் தொடங்கும், அப்புறம் ஸ்டோர்ஸ் அண்ணன் தன் பழைய நோட்டையே எடுத்துக்கொள்வார். அவர்மேல் தப்பே இல்லை.

டிரிம்மிங்கில் சட்டமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவுப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்கப்பட வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு. ஐடிசி-04 படிவமும் போட வேண்டும், 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சலான் புத்தகம் ஓர் இடத்திலும் டேலி ஓர் இடத்திலும் இருந்தால் உங்கள் ஆடிட்டர் அந்த நேரத்தில் எப்படிப் பேசுவார் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, பிரஸ்ஸுக்கு வருவோம். முதல் விற்பனையாளர் "பிரஸ் நேராக ஈஆர்பியில் பேசும், அப்பா வீட்டில் உட்கார்ந்து போனில் பார்க்கலாம்" என்று சொல்லியிருப்பார், சொல்லாமல் இருந்தால் ஆச்சரியம். அப்படிச் செய்யாதீர்கள். தொழிற்சாலை சிஸ்டங்களை அடுக்கடுக்காகப் பிரிக்கும் வழக்கம் 1990-களில் பர்டூ மாடல் என்று வந்தது, பிறகு ஐஎஸ்ஏ-95 என்ற தரநிலையில் சேர்ந்தது. அடியில் சென்சாரும் பிஎல்சியும், அங்கே எல்லாம் விநாடிக் கணக்கு. உச்சியில் ஆர்டர், கணக்கு, கொள்முதல், அங்கே நாள் கணக்கு. நடுவில் ஷிப்ட் கணக்கில் பேசும் ஒரு தளம் வேண்டும், எந்த பிரஸ்ஸில் எந்த மோல்டு, எந்த பேட்ச், எத்தனை ஷாட், எவ்வளவு ரிஜெக்ட் என்று. உங்களிடம் அந்த நடுத்தளம் அரைகுறையாக இருக்கிறது, அந்தத் தம்பி எழுதிய சாஃப்ட்வேரும் ஷிப்ட் ஷீட்டும் சேர்ந்ததுதான் அது. ஓட்டை இருப்பது அங்கேதான், காசு போட வேண்டியதும் அங்கேதான்.

பிரஸ்ஸிலிருந்து வெப்பநிலை, ரப்பர் வேகும் கியூரிங் நேரம், ஷாட் எண்ணிக்கை ஆகியவற்றைப் படிக்க மட்டும் செய்யுங்கள், ஆபீஸிலிருந்து பிரஸ்ஸுக்கு எதையும் எழுத வழி வைக்க வேண்டாம். இந்த மாதிரி மெஷின்கள் தங்களுக்குள் பேச இன்றும் பரவலாகப் பயன்படுத்தும் மோட்பஸ் என்ற முறை 1979-இல் வந்தது, அதில் பாஸ்வேர்டு என்ற ஏற்பாடே கிடையாது, கம்பிக்குள் வந்தவர் யாராக இருந்தாலும் அது கேட்கும். அதனால் பிரஸ்களுக்குத் தனி நெட்வொர்க், நடுவில் ஃபயர்வால், ஒரே ஒரு கம்ப்யூட்டர் வழியாக மட்டும் தகவல் மேலே வரட்டும். மெஷின் விற்றவர் சர்வீசுக்காக எப்போதும் திறந்தே வைத்திருக்கும், தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க்கை மூடுங்கள், கேட்டால் அந்த அரை மணி நேரத்துக்குத் திறந்துவிட்டால் போதும். பிரஸ்ஸோடு ஒட்டி வந்த விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் ஒன்று இருக்கும், அதற்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கை கழுவியாகிவிட்டது. மாற்ற முடியாவிட்டால் இணையத்தைத் துண்டித்து வையுங்கள், யாரும் அதில் பென்டிரைவ் சொருகிப் பாட்டுக் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது வெறும் பூச்சாண்டி என்று அப்பா சொன்னால் ஜப்பானில் நடந்ததைச் சொல்லுங்கள். 2022 மார்ச் 1 அன்று டொயோட்டா ஜப்பானில் தன் 14 தொழிற்சாலைகளையும் ஒரு நாள் நிறுத்தியது, காரணம் டொயோட்டாவின் சிஸ்டம் இல்லை, அவர்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் தரும் கோஜிமா என்ற சப்ளையரின் சிஸ்டத்தில் புகுந்த ஆட்கள். கோஜிமாவின் இடத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். வாங்குகிற கம்பெனிகளின் ஆடிட்டில் இந்தக் கேள்விகள் இன்று வராவிட்டாலும் நாளை வரும்.

இணைப்பைப் பற்றி இரண்டாம் விற்பனையாளர் பெரிதாகப் பேசியிருப்பார். எட்டு சிஸ்டம் இருந்து எல்லாமும் எல்லாவற்றோடும் பேசினால் 28 கம்பி இழுக்க வேண்டும். உங்களுக்கு அதில் ஐந்தாறு போதும், அதிலும் உடனுக்குடன் தேவைப்படுவது லாரி கேட்டில் நிற்கும்போது நடப்பவை மட்டுமே. இ-இன்வாய்ஸ் 2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடியைத் தாண்டிய எல்லோருக்கும் கட்டாயம், அரசு போர்ட்டலிலிருந்து ஐஆர்என் என்ற பில் பதிவு எண் வராமல் வண்டி கிளம்ப முடியாது. வாடிக்கையாளரின் போர்ட்டலில் சரக்கு வருகிறது என்ற முன்னறிவிப்பு (ஏஎஸ்என்) போடாமல் அங்கே இறக்க மாட்டார்கள். அந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்யுங்கள், இரண்டு வெவ்வேறு கம்பெனிகளிடம் இணைய இணைப்பு வாங்கி வையுங்கள். மழைக்காலத்தில் ஏதோ ஒன்று கட்டாயம் போகும். வருகைப் பதிவு சம்பளக் கணக்குக்கு நாளுக்கு ஒருமுறை ஒரு சிஎஸ்வி ஃபைலாகப் போனால் தாராளம். உற்பத்திக் கணக்கு ஷிப்ட்டுக்கு ஒருமுறை. ஃபைல் அனுப்புவது பழைய பாணி என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் நான் கேட்கும் ஒரே கேள்வி, நேற்று ராத்திரி அது வேலை செய்யவில்லை என்றால் இன்று காலை யாருக்குத் தெரியும்? இங்கே 212 வரி கிளம்பியது, அங்கே 212 வரி வந்து சேர்ந்ததா என்று தானாக எண்ணிப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் ஒருவர் போனுக்குச் செய்தி போக வேண்டும். அது இல்லாத இணைப்பைவிடக் கையால் டைப் அடிப்பதே மேல்.

டேலியை இப்போது தொடாதீர்கள். உங்கள் கணக்கு மேடத்துக்கும் ஆடிட்டருக்கும் பழகிய கை அது. பிரைவேட் லிமிடெட் என்பதால் 2023 ஏப்ரலிலிருந்து கணக்கு சாஃப்ட்வேரில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு அணைக்க முடியாதபடி இருந்தாக வேண்டும், எடிட் லாக் உள்ள பதிப்பு ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தத் தம்பியின் சாஃப்ட்வேரில் பில் போடும் வசதி இருந்து அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள், டேட்டாபேஸுக்குள் கை விட்டு எதையும் திருத்தலாம் என்கிற சாஃப்ட்வேரில் கணக்கு இருக்கக் கூடாது. அதே நேரம் அந்தத் தம்பியைத் தேடிப் பிடித்து, மரியாதையாகப் பணம் கொடுத்து சோர்ஸ் கோடு, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இரண்டையும் வாங்கி வையுங்கள். பல வருட உற்பத்திக் கணக்கு அதற்குள் இருக்கிறது. இன்னொரு வேலை கிடைத்து அவர் துபாய் போய்விட்டால் கஷ்டம்.

ஆக என் யோசனை, முதல் வருடம் இரண்டாம் விற்பனையாளரின் வழி, ஆனால் அவர் சொல்கிற அளவில் இல்லை. கோடு, அளவு, பேட்ச் எண் மூன்றையும் ஒழுங்கு செய்து, மிக்சிங்கில் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டி, பிரஸ், டிரிம்மிங், டெஸ்பாட்ச் என்று போகிற இடமெல்லாம் அதை ஸ்கேன் செய்ய வைப்பது. டிரிம்மிங் மூட்டையில் ஸ்டிக்கர் இல்லாமல் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது, ஒரு மூட்டையில் இரண்டு பேட்ச் கலக்கக் கூடாது. கலந்துவிட்டால் எந்த சாஃப்ட்வேராலும் பிரிக்க முடியாது. அடுத்த வருடம் நடுத்தள சாஃப்ட்வேரை மாற்றலாம். ஈஆர்பி வேண்டுமா, அல்லது டேலியும் நல்லதொரு உற்பத்தி சாஃப்ட்வேருமே போதுமா என்பது அப்போது தானாகத் தெளியும். இஆர்பிநெக்ஸ்ட் போன்று இந்தியாவிலேயே உருவான ஓப்பன் சோர்ஸ் ஒன்றை ஓரமாகப் போட்டு, உங்கள் சொந்த டேட்டாவை ஏற்றிப் பார்க்கலாம், லைசென்ஸ் செலவு இல்லை.

யார் வந்து டெமோ காட்டினாலும் அவர்கள் கொண்டு வந்த மாதிரி டேட்டாவை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். அந்தத் திரும்பி வந்த பெட்டியைக் கொடுத்து, இது எந்த பேட்ச், அதே பேட்ச்சில் செய்த மற்ற பெட்டிகள் யார் யாருக்குப் போயிருக்கின்றன என்று முன்னும் பின்னுமாகக் காட்டச் சொல்லுங்கள். என் டேட்டா முழுவதையும் உங்களைக் கேட்காமல் நானே வெளியே எடுக்க முடியுமா என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். உங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறோம் என்று அவர்கள் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். ஜெர்மனியின் லிடில் கடைத்தொடர், சரக்கின் மதிப்பைக் கொள்முதல் விலையில்தான் வைப்போம் என்ற தன் பழக்கத்தை விடாமல் சாப் (SAP) என்ற ஈஆர்பி சாஃப்ட்வேரை வளைத்து வளைத்துப் பார்த்து, 2018-இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது, போன பணம் சுமார் 50 கோடி யூரோ என்று செய்திகள் வந்தன. உங்கள் கம்பெனியிலும் சாஃப்ட்வேரை வளைக்க வேண்டிய பழக்கம் ஒன்றிரண்டுதான் இருக்கும், மீதிக்கு நாமே வளைந்துகொள்ளலாம். கம்பவுண்டு செய்முறை அந்த ஒன்றிரண்டில் சேரும். அப்பா கெமிக்கலுக்கெல்லாம் சங்கேத எண் போட்டுத்தான் மிக்சிங்குக்குக் கொடுப்பார் என்று நினைக்கிறேன், இந்தத் தொழிலில் பலரும் அப்படித்தான். அந்தப் பூட்டை ஈஆர்பி திறந்துவிடும் என்ற பயம் அவருக்கு இருந்தால் அது நியாயமான பயம். செய்முறை தனி இடத்தில், இரண்டு பேருக்கு மட்டும் தெரிகிற மாதிரி இருக்கும் என்பதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

தேதி விஷயம். எல்லோரும் ஏப்ரல் 1 அன்று புது சிஸ்டத்துக்கு மாறலாம் என்பார்கள். கணக்குக்கு அது பொருத்தம், உற்பத்திக்கு வேண்டாம். மார்ச்சில் ஷெட்யூல் நெருக்கும், அது முடிந்து மூச்சு விடுவதற்குள் சித்திரைத் திருவிழா வந்துவிடும், ஆற்றில் அழகர் இறங்குகிற வாரத்தில் பாதிப் பேர் லீவு. ஆடியில் ஒரு பிரஸ், ஒரு பார்ட், ஒரு டிரிம்மிங் ஊர் என்று ஆரம்பியுங்கள். ஆயுத பூஜைக்கு எப்படியும் மெஷினையும் ஸ்டோர்ஸையும் ஒதுக்கி எண்ணுவீர்கள், அந்த எண்ணிக்கையையே மற்ற பிரஸ்களுக்குத் தொடக்க ஸ்டாக்காக வைத்துக்கொள்ளலாம்.

சார்ட் வரைந்து முடித்ததும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு எந்த இணைப்பை முதலில் எடுக்கலாம் என்று எழுதுகிறேன். செய்முறை நோட்டு இருக்கும் மூலையை மட்டும் மறைத்துவிட்டு அனுப்புங்கள், அப்பா கோபித்துக்கொள்ளப் போகிறார்.